கண்ணில் விழுந்த விளக்கு

ஃபிரிட்ஜ் குடோன் சூப்பர்வைசருக்குக் கேமரா எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. நாற்பத்தைந்து வயதில் ஒரு மனுஷனுக்குப் பைத்தியம் பிடிக்க எத்தனையோ வழி இருக்கிறது. சீட்டாட்டம் இருக்கிறது, குடி இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரன்மேல் கேஸ் போட்டு அலைவது இருக்கிறது. நம் சூப்பர்வைசருக்கு மனித முகங்களைப் படம் எடுக்கும் பைத்தியம் பிடித்தது. ஆள் வீட்டோடு கிடக்கிறாரே என்று அவர் மனைவி ஆரம்பத்தில் நிம்மதிகூடப் பட்டாள்.

வீட்டின் பின்னறைதான் ஸ்டூடியோ. அந்த அறையில் ஒரே ஒரு ஜன்னல், அதுவும் வெயில் நேரே விழாத பக்கமாகப் பார்த்த ஜன்னல். பகல் முழுக்க அதில் பால் மாதிரி ஒரு வெளிச்சம் வரும். சுவரின் இரண்டு மூலைக்கும் கொடி கட்டி, அதில் சாம்பல் நிறப் படுக்கை விரிப்பைத் துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார். அது பின்திரை. குடோனில் ஃபிரிட்ஜைச் சுற்றி வரும் தெர்மகோல் அட்டையில் இரண்டை வாங்கி வந்து நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, முகத்தின் இருட்டுப் பக்கத்தில் விழும். ஒரு மேஜை விளக்குக்குப் பட்டர் பேப்பர் சுற்றியிருந்தார். ஒரு தடவை அது கருகி வீடெல்லாம் நாற்றம் எடுத்தது. மனைவியின் பழைய கறுப்புப் பாவாடை ஒன்று கிழிபட்டு, வேண்டாத வெளிச்சத்தை மறைக்கும் திரையாக உத்தியோக உயர்வு பெற்றது.

எல்லாம் இருந்து என்ன, உட்கார ஆள் வேண்டுமே. மனைவியை உட்கார வைத்தால் அடுப்பில் ஏதாவது இருக்கும், எழுந்து ஓடுவாள். குடோன் ஆட்கள் வந்தால் ஐந்து நிமிஷத்தில் கழுத்தைச் சொறிவார்கள், கொட்டாவி விடுவார்கள், படம் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பார்கள். வெளிச்சத்தை ஒரு விரற்கடை நகர்த்தி, பார்த்து, மறுபடி நகர்த்துவதற்குள் முகம் இடம் மாறிவிடும். இந்த லட்சணத்தில் எப்படிக் கற்றுக்கொள்வது என்று அவர் தலையில் கை வைத்திருந்த சமயத்தில்தான் தம்பி வந்து சேர்ந்தான்.

தம்பிக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று, ஊர் கூப்பிட்ட பேர் ஒன்று. ஊர் கூப்பிட்டது ரேடியோ. வாய் ஓயாது. பிணம் கிடக்கிற வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வெளியே வருவான். வேறொரு ஊரில் அச்சகத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டு தனியாக இருந்தான். ஒரு நாள் அந்த அச்சக முதலாளி அண்ணனுக்குப் போன் செய்து, உங்கள் தம்பி வேலைக்கு வருகிறான், மெஷின் முன்னால் உட்காருகிறான், ஆனால் மெஷினைப் போடுவதில்லை, எதுவும் பேசுவதுமில்லை, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னார்.

கூட்டி வந்தார். பின்னறையில் பாய் போட்டுக் கொடுத்தார்கள். என்னடா ஆச்சு என்று கேட்டதற்கு, ஒன்றும் ஆகவில்லை என்றான். உண்மையிலேயே ஒன்றும் ஆகியிருக்கவில்லை. காதல் இல்லை, சண்டை இல்லை, காய்ச்சல் இல்லை. காரணம் என்று ஏதாவது இருந்திருந்தால் அண்ணன்காரருக்குப் பிடித்துக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். இல்லாததால், கொஞ்ச நாள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

முதல் நாள் தம்பியை வெறும் சுவரோரம் நிற்க வைத்து, கேமராவில் இருந்த பிளாஷைப் போட்டு நாலைந்து படம் எடுத்தார். படுமோசம். நெற்றி எண்ணெய் வழிந்த மாதிரி பளபளத்தது. மூக்கின் நிழல் கன்னத்தில் அப்பியிருந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு குழி, ஒட்டிய கன்னம், இடது புருவத்தில் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு, எல்லாம் அப்பட்டமாகத் தெரிந்தன. இதை எவனாவது பார்த்தால் மானம் போகும் என்று அன்றைக்கே அழித்துவிட்டார்.

அப்புறம்தான் தெரிந்தது, தனக்குக் கிடைத்திருப்பது எப்பேர்ப்பட்ட ஆள் என்று. ஸ்டூலில் உட்கார் என்றால் தம்பி உட்காருவான். எழுந்திரு என்று சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டான். தாடையைக் கொஞ்சம் இறக்கு என்றால் இறக்குவான், இறக்கிய இடத்திலேயே வைத்திருப்பான். அண்ணன் தெர்மகோலைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓடுவார், விளக்கை ஏற்றுவார், இறக்குவார், படம் எடுக்கக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்றைப் புரட்டுவார். தம்பி இமைப்பதுகூட அபூர்வம். இப்படி ஒரு மாடலுக்கு ஊரில் ஒவ்வொருத்தன் தவம் கிடக்கிறான் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

"ஒரு மனுஷன் அப்படி உட்காந்திருக்கக் கூடாதுங்க" என்றாள் அவள்.

அவள் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. தட்டில் வைத்த சாப்பாடு அப்படியே திரும்பி வருவதை அவள்தான் பார்த்தாள். குளிக்கச் சொன்னால் குளியலறைக் கதவு சாத்தும், தண்ணீர் சத்தம் கேட்காது. வெகு நேரம் கழித்து உலர்ந்த தலையோடு வெளியே வருவான். சின்னம்மை வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்தாள். விசாரித்து, மனசுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவரைக் கண்டுபிடித்து, சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், நீங்களும் கூட வாருங்கள், அண்ணன் சொன்னால்தான் கேட்பான் என்று வற்புறுத்தினாள். அவர் சரி என்றார்.

அதற்குள் படங்கள் தேறிக்கொண்டு வந்தன. சுவரைவிட்டுத் தள்ளி உட்கார வைக்க வேண்டும், ஜன்னலுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்ப வேண்டும், கேமராவுக்குக் கிட்டே இருக்கிற கண்ணின்மேல்தான் ஃபோகஸ் விழ வேண்டும் என்பதெல்லாம் கைவந்தது. கம்ப்யூட்டரில் போட்டுத் திருத்தவும் கற்றுக்கொண்டார். கண்ணுக்குக் கீழிருந்த கருமையை வெளுக்கச் செய்தார். கன்னத்தில் நிழலைக் குறைத்தால் கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் ஆவதைக் கண்டுபிடித்தார். புருவத் தழும்பை ஒரே அமுக்கில் எடுத்தார். திருத்திய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடுவார். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்பது ஒரு காரணம். அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்பது இன்னொன்று.

அவரைப்போல வீட்டில் திரை கட்டிப் படம் எடுக்கும் முப்பது நாற்பது பேர் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் எல்லாரும் வாத்தியார் என்று கூப்பிடும் ஓர் ஆள், நல்லது கெட்டது சொல்லுவார். பெரும்பாலும் கெட்டதுதான் சொல்லுவார். அண்ணன் தம்பியின் படத்தைப் போட்டார். வாத்தியார் பார்த்துவிட்டு, வெளிச்சம் சரி, பின்னணி சரி, தோல் நன்றாக வந்திருக்கிறது, ஆனால் கண்ணில் உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அண்ணனுக்குச் சுருக்கென்றது. சமையலறைக்குப் போய் மனைவியிடம் போனைக் காட்டி, பார், இத்தனை பாடுபட்டும் கண்ணில் உயிர் இல்லையாம் என்று குறைபட்டுக்கொண்டார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தாள். "அதத்தானே நான் ரெண்டு மாசமா உங்ககிட்ட சொல்லிட்டிருக்கேன்" என்றாள்.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புத்தகத்தில் வழி இருந்தது. கருவிழியில் ஒரு புள்ளி வெளிச்சம் விழ வேண்டும், அது இல்லாவிட்டால் முகம் செத்துக் கிடக்கும், அதற்கு விளக்கைக் கண்மட்டத்துக்குச் சற்று மேலே கொண்டுவர வேண்டும் என்று படம் போட்டு எழுதியிருந்தது. குழுவில் போட்டி ஒன்று அறிவித்திருந்தார்கள். படம் அனுப்பக் கடைசி நாள் அந்தச் சனிக்கிழமை. அவருக்கு அரை நாள் லீவு கிடைப்பதும் சனிக்கிழமைதான். டாக்டர் எங்கே ஓடிப்போகிறார், அடுத்த வாரம் போகலாம் என்றார். மனைவி உள்ளே போய்ப் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தம் வர வைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் பின்னறையில் அண்ணனும் தம்பியும் மட்டும். விளக்கை ஸ்டூல்மேல் ஸ்டூல் போட்டு ஏற்றி வைத்தார். கண்ணில் புள்ளி விழவில்லை. தம்பியின் இமை பாதி கவிழ்ந்தே கிடந்தது. தாடையை ஏற்றச் சொன்னார். விளக்கைக் கிட்டே கொண்டுவந்தார். பட்டர் பேப்பர் சூடேறி வாசனை வந்தது. அவர் சட்டையெல்லாம் வியர்வை. கேமராவுக்குள் கண்ணை வைத்துக்கொண்டு, என்னைப் பார், லென்ஸைப் பார் என்று கெஞ்சினார்.

தம்பி பார்த்தான். லென்ஸைப் பார்க்கவில்லை, அதற்குப் பின்னாலிருந்த அண்ணனைப் பார்த்தான்.

"என்னால முடியலண்ணே" என்றான். "காலைல கண்ணு முழிக்கறதுக்கே பயமா இருக்கு."

கண் நிறைந்தது. நிறைந்த நீரில் விளக்கு விழுந்து, இரண்டு கருவிழியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி வைரம் மாதிரி நின்றது. கீழே வழியவில்லை.

"அப்படியே இரு" என்றார் அண்ணன். "அசையாத. இதுதான் வேணும்."

படம் விழுந்தது.

தம்பி சொன்னது அவர் காதில் விழவில்லை என்றால் அது பச்சைப் பொய். விழுந்தது. நன்றாகவே விழுந்தது. இந்தப் புள்ளி போய்விடும், பேச்சு எங்கே போகப்போகிறது, அப்புறம் ஆற அமரக் கேட்டுக்கொள்ளலாம் என்று எண்ணினார். தம்பி கொஞ்ச நேரம் இருந்து பார்த்தான். பிறகு முடிந்ததா என்று கேட்டான். முடிந்தது என்றார். அவன் எழுந்து பின்திரைக்கு அந்தப் பக்கம் போய்ப் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அண்ணன் கம்ப்யூட்டரைத் திறந்து தழும்பை எடுத்தார், கருமையை வெளுத்தார், கன்னத்தைப் பூசினார். அப்புறம் கேட்பது என்பது அன்றைக்கும் நடக்கவில்லை, மறுநாளும் நடக்கவில்லை.

புதன்கிழமை முடிவு சொன்னார்கள். முதல் பரிசு. வாத்தியாரே வாயாரப் புகழ்ந்தார். அந்தக் கண்ணைப் பாருங்கள், சிரிக்கப் போகிறவன் கண் மாதிரி என்ன ஒரு உயிர், வீட்டு விளக்கில் இதைச் செய்ய முடியும் என்று யாராவது நம்புவார்களா என்று எழுதியிருந்தார். அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. போனை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு ஓடித் தம்பியிடம் நீட்டினார்.

தம்பி படத்தை வாங்கி, தள்ளி வைத்துப் பார்த்தான், கிட்டே வைத்துப் பார்த்தான். "யாருண்ணே இது?" என்றான்.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். எத்தனை நாள் கழித்து ஒரு ஜோக் சொல்லியிருக்கிறான். கூடத்துக்கு வந்து, ரேடியோ மறுபடி பாட ஆரம்பித்துவிட்டது, நீ வீணாகக் கவலைப்பட்டாய் என்று மனைவியிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. சனிக்கிழமை டாக்டரிடம் போகிறோம், இந்தத் தடவை சாக்குச் சொன்னால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பாய் சுருட்டி வைத்திருந்தது. அவன் போன் ஸ்டூலின்மேல் இருந்தது. செருப்பு இல்லை. பர்ஸ் இல்லை.

மனைவிதான் முதலில் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் அவர் பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு ஓடிவந்தார். தெருமுனை, கடைப்பக்கம், பாலத்தடி என்று தேடிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். விவரமெல்லாம் எழுதிக்கொண்ட போலீஸ்காரர், சமீபத்தில் எடுத்த படம் ஒன்று வேண்டும் என்றார்.

படத்துக்கா பஞ்சம். அந்த வேளையிலும் அண்ணனுக்கு ஒரு சின்னத் தெம்பு வந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தொலைந்துபோன யாருக்கும் இவ்வளவு நல்ல படம் இருந்திருக்காது என்று நினைத்தார். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். மனைவி பின்னால் நின்றுகொண்டு, முதல் நாள் பிளாஷ் போட்டு எடுத்தீர்களே, அது இருக்கிறதா என்று கேட்டாள். அழித்துவிட்டேன் என்றார். திருத்துவதற்கு முன்னால் இருந்தது ஏதாவது என்றாள். அதுவும் இல்லை என்றார். பழைய ஆல்பத்தில் இருந்தவன் ரேடியோ, உப்பிய கன்னமும் திறந்த வாயுமாக. அவனை வைத்துக்கொண்டு இவனைத் தேட முடியாது. அச்சக அடையாள அட்டை பர்ஸோடு போய்விட்டது.

"இதுல அவன் மாதிரியே இல்லீங்க" என்றாள் அவள்.

உனக்கு அழுது அழுது கண் மங்கியிருக்கிறது, இதைவிடத் தெளிவான படம் எங்கே கிடைக்கும் என்று அவர் சீறினார். பரிசு வாங்கிய படத்தையே பளபளப்பான தாளில் பெரிதாக அடித்து வாங்கினார். போலீஸுக்குக் கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டினார். பஸ் நிலையத்தில் கடை கடையாகக் காட்டினார். ரயில் நிலையத்தில் கடைசி பிளாட்பாரத் தூணில் தன் கையாலேயே ஒட்டிவிட்டு, அங்கிருந்த காவலாளியிடம் தனியாக ஒன்று கொடுத்து, கண்ணில் பட்டால் உடனே கூப்பிடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நல்ல மனுஷன். மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை யாரும் கூப்பிடவில்லை. டாக்டரிடம் போகவேண்டிய நேரம் வந்தது, மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமையும் யாரும் கூப்பிடவில்லை. விளக்கு முன்னால் உட்கார்ந்து தம்பி சொன்னதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு இருந்தது. வாய்வரை வந்தது. சொன்னால் அவள் கேட்கப்போகிற அடுத்த கேள்வி என்னவென்று தெரிந்ததால் விழுங்கிவிட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடி ரயில் நிலையத்துக்குப் போனார். அதே காவலாளி. அண்ணனைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, அவராகவே எழுந்து வந்தார். உங்கள் ஆள் இந்தப் பக்கம் வரவில்லை, நானும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். சனிக்கிழமை மட்டும் ஒருத்தரைப் பார்த்துக் கொஞ்சம் சந்தேகப்பட்டேன், அப்புறம் அவர் இல்லை என்று தெரிந்துவிட்டது என்றார்.

எந்த ஒருத்தர் என்று கேட்டார் அண்ணன்.

காவலாளி தூண் பக்கத்து பெஞ்சைக் காட்டினார். காலையில் வந்து உட்கார்ந்தவர், வண்டி வந்தது, போனது, ஆள் அசையவே இல்லை. அப்படி உட்கார்ந்திருக்கிற மனுஷனை நான் பார்த்ததே கிடையாது. அதனாலேயே சந்தேகம் வந்து, பையிலிருந்து படத்தை எடுத்து இரண்டு தடவை ஒத்துப் பார்த்தேன். ஒட்டவே இல்லை. படத்தில் இருப்பவர் களையாக இருக்கிறார், கண் பளிச்சென்று இருக்கிறது. அவருக்குக் கண் குழி விழுந்து, கன்னம் ஒட்டி, புருவத்தில் ஒரு தழும்பு வேறு என்றார்.

"எந்தப் புருவம்?"

காவலாளி யோசித்துத் தன் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினார்.

அண்ணன் பெஞ்சைப் பார்த்தார். நேர் மேலே குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சம் உச்சியில் விழுந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் கட்டிவிடும், இந்த இடத்தில் யாரையும் படம் எடுக்கக் கூடாது என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. அது தோன்றியதற்காக அவருக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. எங்கே போனார் என்று கேட்க வாயெடுத்தார். காவலாளியே சொன்னார்.

"இருட்டற நேரத்துல எழுந்து போனாரு சார். வண்டியில ஏறினாரா, அந்தப் பக்கம் தண்டவாளத்தோட நடந்தாரா, கவனிக்கல. ஆனா போறதுக்கு முன்னாடி இந்தத் தூண்கிட்ட வந்து, நீங்க ஒட்டின படத்த ரொம்ப நேரம் பார்த்துட்டு நின்னாரு. என்ன சார், தெரிஞ்சவரான்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

அவன் என்று கேட்டதைக் காவலாளி கவனித்தார். முகம் மாறியது.

"இவரு நல்லாத்தானே இருக்காரு, இவர எதுக்குத் தேடறாங்கன்னு கேட்டாரு சார்."

அண்ணன் அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். தூணில் அவர் எடுத்த படம், காற்றில் ஒரு ஓரம் பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. வேறு படம் ஏதாவது இருக்கிறதா, இருந்தால் கொடுங்கள், இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று காவலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். இல்லை என்று அவர் தலையை ஆட்டினார்.